ஜனாதிபதி ரூஸ்வெல்ட்

ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். நம் படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. பிழைப்பு இரயில்வே அலுவலகமொன்றில் குமாஸ்தா வேலை. உலக வரலாற்றை எழுத நமக்கு என்ன தகுதி என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயினும், அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நாற்காலி தேய்த்தவர்க்கு நன்றாகத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. ஒருவர் மாற்றலாகிப் போகும்போது சார்ஜ் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். எந்தக் கோப்பு நிலுவையில் உள்ளது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது, எந்த அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது என்பவற்றையெல்லாம் பட்டியலிட்டு, வருகிறவர் கையெழுத்திட்ட பின்னரே போகிறவர்க்கு விடுதலை. அவ்வாறு செய்யாமல் ஒருவர் போய்விட்டால், அந்த இருக்கையில் வந்து அமர்கிறவர் படும் பாடு சொல்லும் தரமன்று.

உலகத்தின் மிகப் பெரிய இருக்கைகளுள் ஒன்றிலேயே இவ்வாறு நேர்ந்தது. அவ்விருக்கையில் அமர்ந்திருந்தவர் பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட். இரண்டாம் உலகப் போரின் போது பகைக்குரிய மூன்று வல்லரசுகளை ஒரே மேசையின் முன் அமர வைத்தவர் அவர். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அம்மேசை இரண்டாகப் பிளந்தது. அவ்வரலாற்றையே நாம் இங்கே நமக்குத் தெரிந்த அளவில் சொல்லப் புகுகின்றோம்.

ரூஸ்வெல்ட் 1882 ஜனவரி 30 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். செல்வக் குடி, பரந்த நிலபுலம், தாய் சாராவுக்கு ஒரே மகன். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பயின்று, கொலம்பியாவில் சட்டம் படித்தார். 1905-ஆம் ஆண்டில் தம் தூரத்து உறவினரான எலினார் அம்மையாரை மணந்தார். மணமகளின் பெரிய தந்தையாரும் அப்போதைய ஜனாதிபதியுமான தியோடர் ரூஸ்வெல்ட்டே தந்தையின் இடத்திலிருந்து பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தார். 1910-இல் மாநிலச் சட்டசபை மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர், 1913 முதல் 1920 வரை கடற்படைத் துறையின் உதவிச் செயலாளராகப் பணியாற்றினார். 1920-இல் உதவி ஜனாதிபதிப் பதவிக்கு நின்று தோற்றார். தோல்வியும் அவரை வாட்டவில்லை. கட்டான உடல், சிரித்த முகம், பெரிய இடத்துத் தொடர்பு ஆகிய யாவும் வாய்த்திருந்தன.

விதி வேறொன்று நினைத்தது. 1921 ஆகஸ்டு மாதத்தில், கனடா நாட்டைச் சேர்ந்த காம்போபெல்லோ தீவில் விடுமுறையைக் கழித்துக் கொண்டிருந்தபோது அவரைக் காய்ச்சல் பற்றியது. சில நாட்களில் கால்கள் இரண்டும் செயலற்றன. இளம்பிள்ளை வாதம் என்று மருத்துவர்கள் கூறினர். அப்போது அவருக்கு வயது 39. அதன் பின் வாழ்நாள் முழுதும் துணையின்றி அவரால் நடக்க இயலவில்லை. இடுப்பு முதல் கணுக்கால் வரை இரும்புச் சட்டங்களைப் பூட்டிக்கொண்டு, ஒரு கையில் தடியும் மறு கையில் மகனின் தோளுமாக அடி பெயர்த்து வைக்கப் பழகினார். ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரின் வெந்நீர் ஊற்றில் நீந்தினால் கால்களுக்குச் சிறிது வலு வருவதைக் கண்டு, அவ்விடத்தை வாங்கி, தம்மைப் போன்ற நோயாளர்களுக்குச் சிகிச்சை நிலையம் ஆக்கினார்.

இந்நோயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1938-இல் அவர் நிறுவிய இளம்பிள்ளை வாத ஒழிப்பு நிதிக்கு அமெரிக்க மக்கள் பத்துக் காசு நாணயங்களாக அனுப்பிய பணம் மலை போல் குவிந்தது. அப்பணத்தின் துணையால் டாக்டர் சால்க் கண்டுபிடித்த தடுப்பு மருந்து பயனுடையது என்ற அறிவிப்பு 1955 ஏப்ரல் 12 அன்று, அதாவது ரூஸ்வெல்ட் இறந்த பத்தாம் ஆண்டு நாளிலேயே வெளிவந்தது. நம் நாடு 2014-இல் இந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்துக்காகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற நம் காலனித் தாய்மார்கள் இம்மனிதரை நினைத்துக் கொள்ளக் காரணம் உண்டு.

நடக்க முடியாதவர் அரசியலை விட்டு ஒதுங்குவார் என்றே பலரும் எண்ணினர். அவரோ 1928-இல் நியூயார்க் மாநில கவர்னராகவும், 1932-இல் நாட்டின் ஜனாதிபதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1933 மார்ச் 4 அன்று பதவியேற்றபோது அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு வேலை இல்லை. வங்கிகள் மூடிக் கிடந்தன. வங்கிகளை ஒழுங்கு செய்தார், அணைகள் கட்டினார், வேலையற்றோர்க்கு வேலை தந்தார், 1935-இல் முதியோர்க்கு உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொணர்ந்தார். வானொலியில் அவர் அடுத்த வீட்டுப் பெரியவரைப் போல் எளிய மொழியில் பேசுவதைக் கேட்க மக்கள் மாலை வேளைகளில் காத்திருந்தனர். 1936, 1940, 1944 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஜனாதிபதி என்னும் பெயர் பெற்றார். பின்னாளில் 1951-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, இரு முறைக்கு மேல் எவரும் தேர்ந்தெடுக்கப்பட முடியாதபடி ஆயிற்று.

பதவியேற்ற ஆண்டிலேயே அவர் செய்த செயலொன்று பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்தாயிற்று. ருஷ்யப் புரட்சி நடந்து பதினாறு ஆண்டுகளாகியும் சோவியத் அரசை ஏற்க அமெரிக்கா மறுத்து வந்தது. ரூஸ்வெல்ட் 1933 நவம்பரில் அவ்வரசை அங்கீகரித்துத் தூதரை அனுப்பினார். கொள்கையால் எதிரெதிரான இரு நாடுகளும் பேசிக்கொள்ளவாவது ஒரு வாயில் வேண்டும் என்பது அவர் கருத்து.

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரான்சு வீழ்ந்தது, பிரிட்டன் தனித்து நின்றது. போரில் இறங்க அமெரிக்க மக்கள் விரும்பவில்லை. ஆகவே, ஆயுதங்களைக் கடனாகவும் வாடகையாகவும் வழங்கும் சட்டத்தை 1941 மார்ச்சில் ரூஸ்வெல்ட் நிறைவேற்றினார். அவ்வாண்டு ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை ருஷ்யாவுக்குள் புகுந்தது. ஆகஸ்டில் நியூபவுண்டுலாந்துக் கடற்கரையருகே போர்க்கப்பல்களில் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் சந்தித்து அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டனர். எல்லா மக்களும் தமக்குரிய ஆட்சி முறையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையுடையவர் என்று அது கூறியது. சர்ச்சில் ஏறி வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்னும் கப்பல் அவ்வாண்டு டிசம்பரிலேயே மலேயாக் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

எல்லா மக்களும் என்றால் இந்தியரும் அடங்குவரா? அடங்கார் என்னும் பொருள்படச் சர்ச்சில் அடுத்த மாதமே பாராளுமன்றத்தில் விளக்கம் தந்தார். ரூஸ்வெல்ட்டுக்கு அது உடன்பாடன்று. 1942-இல் லூயி ஜான்சன் என்பாரைத் தம் பிரதிநிதியாக டில்லிக்கு அனுப்பினார். இந்தியர்க்கு இடைக்காலத் தன்னாட்சி வழங்குமாறு சர்ச்சிலுக்கு எழுதினார். சர்ச்சில் சினந்தார், ரூஸ்வெல்ட் பின்வாங்கினார். அவ்வாண்டு ஜூலையில் காந்தியடிகள் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். ஆகஸ்டில் தலைவர்கள் யாவரும் சிறை புகுந்தனர்; வெள்ளை மாளிகை வாய் திறக்கவில்லை. போரில் கூட்டாளியின் மனம் நோகக் கூடாது என்பதே காரணம். நம்மவர்க்கு அது கசப்பான பாடம். கூட்டணியைக் காப்பதற்காகப் பிறர் உரிமையைப் பின்னுக்குத் தள்ளும் இவ்வழக்கத்தை மீண்டும் ஒரு முறை பின்னே காண்போம். தம் நாட்டிலேயே, ஜப்பானிய மரபினர் சுமார் 1,20,000 பேரை 1942-இல் முள்வேலி முகாம்களுக்கு அனுப்ப வழி செய்த ஆணையும் அவர் கையெழுத்திட்டதே. பெரியோர் வரலாற்றை எழுதுங்கால் நிழலை மறைத்தல் முறையாகாது.

நிற்க. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கவே, அமெரிக்காவும் போரில் குதித்தது. 1942 ஜனவரி முதல் நாளில் 26 நாடுகள் ஐக்கிய நாடுகள் என்னும் பெயரால் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று.

இனி, இரயில்வேக்காரராகிய நம் கண்ணுக்குப் படும் செய்தியொன்றைச் சொல்ல வேண்டும். ருஷ்யாவின் இருப்புப் பாதை 5 அடி அகலம். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அது 4 அடி 8½ அங்குலம். அகலப் பாதையும் மீட்டர் பாதையும் கூடிய நம் பழைய ஜங்ஷன்களில் ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்றுவதற்கென்றே டிரான்ஷிப்மெண்ட் ஷெட்டுகள் இருந்ததை மூத்த அன்பர்கள் அறிவர். பாதை அகலம் மாறினால் வண்டி அவ்விடத்தோடு நின்றுவிடும். ஆனால் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ருஷ்யப் பாதையின் அகலத்துக்கு ஏற்பவே எஞ்சின்களைக் கட்டிக் கப்பலேற்றின. ஏறத்தாழ 2,000 எஞ்சின்களும், 11,000-க்கு மேற்பட்ட வாகன்களும், சுமார் 4 இலட்சம் லாரிகளும் ஜீப்புகளும் ருஷ்யாவுக்குச் சென்றன. அமெரிக்க உதவியில் நான்கில் ஒரு பங்கு பாரசீகத்தின் வழியாகப் போயிற்று. பாரசீக வளைகுடாவிலிருந்து புறப்பட்ட இருப்புப் பாதையின் தென்பகுதியை அமெரிக்க இராணுவத்தின் இரயில்வேப் பிரிவினரே நடத்தினர். கூட்டாளிக்காகத் தன் அச்சின் அகலத்தையே மாற்றிக்கொண்ட அக்காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நேருக்கு நேர் அமர்ந்து பேசினால் எம்மனிதனையும் வசப்படுத்தலாம் என்பது ரூஸ்வெல்ட்டின் உறுதியான நம்பிக்கை. 1943 ஜனவரியில் அவர் இரயிலில் மியாமி சென்று, அங்கிருந்து விமானத்தில் ஆப்பிரிக்காவின் காசாபிளாங்காவுக்குப் பறந்தார். பதவியிலிருக்கும்போது விமானமேறிய முதல் ஜனாதிபதி அவரே. பகைவர் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என அங்கே அறிவித்தார். ஸ்டாலின்கிராடுப் போர் நடந்துகொண்டிருந்தமையால் ஸ்டாலின் அங்கு வரவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை டெஹ்ரான் நகரில் மூவரும் முதன்முறையாகக் கூடினர். கால் வழங்காத ரூஸ்வெல்ட் போர்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து, பின்னர் விமானத்தில் ஆப்பிரிக்காவைத் தாண்டி அங்கே சேர்ந்தார். பாதுகாப்புக் கருதி ஸ்டாலினின் அழைப்பை ஏற்றுச் சோவியத் தூதரக வளாகத்திலேயே தங்கினார். அவ்வறைகளில் ஒட்டுக் கேட்கும் கருவிகள் இருந்தன. ருஷ்ய மண்ணில் இலட்சோப இலட்சம் வீரர் மடிந்துகொண்டிருக்க, மேற்கே இரண்டாம் போர்முனையைத் திறக்க ஏன் இத்தனை காலம் என்பதே ஸ்டாலினின் குறை. 1944 மே மாதம் பிரான்சில் படையிறக்குவது என அங்கே முடிவாயிற்று. ஜூன் 6 அன்று நார்மண்டியில் அது நிறைவேறியது. ஜெர்மனி வீழ்ந்தபின் ஜப்பானை எதிர்ப்பதாக ஸ்டாலினும் வாக்களித்தார்.

டெஹ்ரானில் நடந்த தனிப் பேச்சொன்று நம் கருத்துக்கு முக்கியமானது. போலந்தின் எல்லையை மேற்கே நகர்த்துவதில் தமக்கு மறுப்பில்லை என்றும், ஆனால் அமெரிக்காவில் வாழும் போலந்து மரபினரின் வாக்குகளைக் கருதி அடுத்த தேர்தல் முடியும் வரை அதை வெளிப்படையாகக் கூற இயலாது என்றும் ரூஸ்வெல்ட் ஸ்டாலினிடம் தெரிவித்தார். வாய்மொழியாகப் பேசி, வெளியே சொல்லாமல் வைத்த உடன்பாடு அது. வாய்மொழி உத்தரவின் பேரில் நடந்த காரியம் பின்னர் எத்துணைத் தொல்லை தரும் என்பது கோப்பு பார்ப்பவர்க்குத் தெரியும்.

மற்றொரு இரகசியம் அதனினும் பெரிது. அமெரிக்கா அணுகுண்டு செய்துகொண்டிருந்தது. இச்செய்தியை ருஷ்யாவுக்கு முன்கூட்டியே உணர்த்தாவிடில் போருக்குப்பின் ஆயுதப் போட்டி மூளும் என்று டென்மார்க்கின் விஞ்ஞானி நீல்ஸ் போர் 1944 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டைக் கண்டு எடுத்துரைத்தார். ரூஸ்வெல்ட் முகமலர்ச்சியோடு கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே சர்ச்சிலோடு கூடி இரகசியத்தை இரு நாடுகளுக்குள்ளேயே காப்பதென முடிவு செய்தார். ஒற்றர்களின் மூலம் ஸ்டாலின் அதனை முன்பே அறிந்திருந்தார் என்பது பின்னாளில் தெரிந்தது. ஆக, நண்பரிடம் மறைத்ததையும், மறைக்கப்பட்டது என்பதையும் நண்பர் அறிந்திருந்தார்!

1944 மார்ச்சில் மருத்துவர்கள் அவர் உடலைச் சோதித்தபோது, இரத்த அழுத்தம் மிகுந்து இதயம் தளர்ந்திருப்பது தெரிய வந்தது. நாட்டு மக்களுக்கு அது அறிவிக்கப்படவில்லை. நான்காம் முறையாகத் தேர்தலில் நின்று வென்றார். உதவி ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி ட்ரூமன்.

1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை கருங்கடலோரத்து யால்டாவில் மூவரும் மீண்டும் கூடினர். மெலிந்து, கண்கள் குழிந்து, மேலங்கியால் போர்த்திய உருவமாக ரூஸ்வெல்ட் அங்கே அமர்ந்திருக்கும் படத்தைப் பலரும் பார்த்திருக்கலாம். ருஷ்யப் படை அப்போது பெர்லினுக்கு 40 மைல் அளவில் நெருங்கிவிட்டது. போலந்து முழுவதும் ஏறக்குறைய அதன் பிடியில் இருந்தது. ஜெர்மனியைப் பகுதிகளாகப் பிரித்து ஆள்வது, ஐக்கிய நாடுகள் சபையில் வல்லரசுகளுக்குத் தடுப்புரிமை அளிப்பது, போலந்தில் சுதந்திரத் தேர்தல் நடத்துவது ஆகியவை முடிவாயின. தேர்தலை மேற்பார்வையிட யாரும் நியமிக்கப்படவில்லை. ஜெர்மனி வீழ்ந்த இரண்டு மூன்று மாதங்களில் ருஷ்யா ஜப்பான் மீது போர் தொடுக்கும். அதற்கு ஈடாகக் குரில் தீவுகளும், சாகலினின் தென்பகுதியும், மஞ்சூரியா இரயில் பாதைகளில் பங்கும் பெறும். பாதைகள் சீனாவின் மண்ணில் ஓடுபவை. சீனாவிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியாவின் உரிமை 1942-இல் பின்னுக்குத் தள்ளப்பட்டது போலவே போலந்தின் உரிமையும் சீனாவின் உரிமையும் தள்ளப்பட்டன.

அவருக்கு வேறு வழி இருந்ததா என்று இன்றளவும் அறிஞர்கள் வாதிடுகின்றனர். போலந்தில் நின்ற படையை யால்டாவின் மேசையிலிருந்து எவரும் அகற்றியிருக்க முடியாது. ஜப்பானோடு போரிட்டு மேலும் பல இலட்சம் பேர் மடிவர் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அப்போரில் அமெரிக்கா இழந்தவர் சுமார் 4 இலட்சம்; சோவியத் நாடு இழந்தவரோ ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம். அத்துணை இழந்தவனிடம் வெறுங்கையோடு பேரம் பேச இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

திரும்பி வந்து மார்ச் முதல் நாளில் அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்தவாறே உரையாற்றினார். கால்களில் சுமந்த இரும்பின் எடையை அப்போதுதான் முதன்முறையாகப் பொதுமன்றத்தில் வாய்விட்டுச் சொன்னார். அதற்குள் போலந்தில் வாக்குறுதிகள் காற்றில் பறக்கத் தொடங்கின. ஸ்டாலினுக்கும் அவருக்குமிடையே கடுமையான தந்திகள் பறந்தன. எனினும், இப்பூசல்கள் வந்து போகும் தன்மையன, பெரிதுபடுத்தலாகாது என்பதே இறுதி நாட்களில் அவர் சர்ச்சிலுக்கு அனுப்பிய செய்தியின் சாரம்.

1945 ஏப்ரல் 12. வார்ம் ஸ்பிரிங்ஸ் இல்லத்தில் ஓவியர் ஒருவர் அவர் உருவத்தை வரைந்து கொண்டிருந்தார். திடீரெனத் தலை வலிப்பதாகச் சொல்லிச் சாய்ந்த ரூஸ்வெல்ட் மீண்டும் எழவில்லை. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. வயது 63. அவர் உடலைச் சுமந்த சிறப்பு இரயில் வார்ம் ஸ்பிரிங்சிலிருந்து வாஷிங்டனுக்கும், அங்கிருந்து ஹைட் பார்க்குக்கும் சென்றது. வழி நெடுகிலும் நிலையங்களிலும் வயல்வெளிகளிலும் மக்கள் நின்று கண்ணீர் சொரிந்தனர். ஜெர்மனி சரணடைய இன்னும் ஒரு மாதமும் இல்லை.

அன்று மாலை ட்ரூமன் ஜனாதிபதியானார். அவர் உதவி ஜனாதிபதியாக இருந்தது 82 நாட்களே. அந்நாட்களில் ரூஸ்வெல்ட்டைத் தனித்துச் சந்தித்ததோ மிகச் சில முறை. யால்டாவின் உட்பேச்சுகள் அவருக்குச் சொல்லப்படவில்லை. அணுகுண்டு செய்யப்படுவதே அவருக்குத் தெரியாது. பதவியேற்ற பின்னர்ப் போர்ச் செயலாளர் ஸ்டிம்சன் வந்து, ஏப்ரல் 25 அன்று விளக்கமாகக் கூறினார். ஸ்டாலினோடு கடிதப் போக்குவரத்து நடத்திய முறை, எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே இறுக்கிப் பிடிப்பது என்னும் நுட்பம் ஆகிய யாவும் ரூஸ்வெல்ட்டின் நெஞ்சுக்குள்ளேயே இருந்தன. நெஞ்சு நின்றது, கோப்பும் மூடிக்கொண்டது. சார்ஜ் ஒப்படைக்கப்படவில்லை.

அணுகுண்டுச் செய்தி ட்ரூமனுக்கு விளக்கப்பட்ட அதே ஏப்ரல் 25 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கும் மாநாடு தொடங்கியது. ரூஸ்வெல்ட் தாமே சென்று திறந்து வைக்க விரும்பிய மாநாடு அது. இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் ஆற்காடு இராமசாமி முதலியார். ஜூன் 26 அன்று சாசனத்தில் இந்தியாவின் சார்பில் அவரும் வி. டி. கிருஷ்ணமாச்சாரியும் கையெழுத்திட்டனர். அடுத்த ஆண்டு பொருளாதார சமூகக் கவுன்சிலின் முதல் தலைவராகவும் முதலியாரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மே மாதத்திலேயே ருஷ்யாவுக்குச் சென்ற கடனுதவி திடீரென நிறுத்தப்பட்டது. சென்றுகொண்டிருந்த கப்பல்கள்கூடத் திரும்பி வருமாறு பணிக்கப்பட்டன. பிழையை உணர்ந்து ட்ரூமன் ஆணையைத் தளர்த்தினார் எனினும் புண் ஆறவில்லை. ஜூலை 17 முதல் ஆகஸ்டு 2 வரை பெர்லினையடுத்த போட்ஸ்டாமில் மாநாடு கூடியது. ஸ்டாலின் அங்கே இரயிலில் வந்தார். போலந்தின் வழியே பெர்லின் வரை பாதை ருஷ்ய அகலத்துக்கு மாற்றப்பட்டிருந்தது! முன்பு அமெரிக்கா தன் எஞ்சினை ருஷ்யப் பாதைக்கு ஏற்பக் கட்டியது. இப்போது ருஷ்யா ஐரோப்பாவின் பாதையைத் தன் எஞ்சினுக்கு ஏற்ப மாற்றியது. பின்னர் அப்பாதை பழைய அகலத்துக்கே வந்தது; உள்ளங்கள் வரவில்லை. ஜூலை 24 அன்று, பேரழிவு தரும் புதிய ஆயுதம் தம்மிடம் உள்ளது என ட்ரூமன் ஸ்டாலினிடம் பட்டும் படாமல் கூறினார். ஸ்டாலின் வியப்புக் காட்டவில்லை. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவும் 9-இல் நாகசாகியும் எரிந்தன.

அதன்பின் பிளவு விரைந்தது. உதவிச் சரக்கு சென்ற அதே ஈரானை விட்டு வெளியேற ருஷ்யப் படை தாமதிக்கவே, 1946-இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புக் கவுன்சில் முன் வந்த முதல் வழக்கு அதுவாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் ட்ரூமனும் சர்ச்சிலும் மிசௌரிக்கு ஒரே இரயிலில் சென்றனர். அவர்கள் ஏறிச் சென்ற பெட்டி பெர்டினாண்டு மெகல்லன் என்னும் பெயருடையது. ரூஸ்வெல்ட்டுக்கென்றே எஃகுக் கவசமிட்டு அமைத்த பெட்டி அது. அவரது இறுதி ஊர்வலத் தொடரிலும் இணைக்கப்பட்டிருந்தது. அப்பயணத்தின் முடிவில், மார்ச் 5 அன்று ஃபுல்டன் நகரில்தான் சர்ச்சில் ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை விழுந்துவிட்டது என்று முழங்கினார். ஒருவர் இணைப்பதற்காக ஏறிய வண்டியில் ஏறியே பிறர் பிரிவினையைப் பறைசாற்றச் சென்றனர்.

1947-இல் போலந்தில் நடந்த தேர்தல் பெயரளவுக்கே. 1948 ஜூனில் மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் இரயில்களையும் சாலைகளையும் ருஷ்யா அடைத்தது. ஏறத்தாழ பதினொரு மாதம் நிலக்கரியும் உணவும் விமானங்களிலேயே சென்றன. மொத்தம் சுமார் 23 இலட்சம் டன். 1949-இல் மேற்கு நாடுகள் நேட்டோ உடன்படிக்கை செய்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ருஷ்யாவும் அணுகுண்டை வெடித்தது. 1955-இல் வார்சா ஒப்பந்தம். 1961-இல் பெர்லின் சுவர். 1962-இல் கியூபா நெருக்கடி. உலகம் அழிவின் விளிம்பு வரை சென்று மீண்ட பின்னரே, 1963-இல் இரு தலைநகரங்களுக்குமிடையே நேரடித் தந்தித் தொடர்பு அமைத்தனர். 1989 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் மால்டாவில் சந்தித்துப் பழம்பகைக்கு முற்றுப்புள்ளி வைக்க முனைந்தனர். யால்டாவுக்குப் போகும் வழியில் ரூஸ்வெல்ட் இறங்கிய தீவு அது. 1991-இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. இரு அணிகளில் எதிலும் சேராது நம் நாடு நின்ற வரலாறு யாவரும் அறிந்ததே.

ரூஸ்வெல்ட் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் இப்பகை மூண்டிராது என்பார் உளர். நாம் அவ்வளவு தூரம் சொல்லத் துணியோம். பொதுப் பகைவன் ஒழிந்ததும் கூட்டாளிகள் பிரிவது உலக இயற்கை. கொள்கையும் அச்சமும் இரு பக்கமும் இருந்தன. ஆயினும் ஒன்று சொல்வோம். ஒரு மனிதரின் முகமலர்ச்சியையும் சாதுரியத்தையும் மட்டும் அச்சாணியாகக் கொண்டு ஓடிய தேர், அம்மனிதர் சாய்ந்ததும் சாய்ந்தது. தாம் நோயுற்றிருப்பதை அறிந்தும், அடுத்து வருபவரை அருகழைத்து ஒரு மாலைப் பொழுதாவது விளக்கிச் சொல்லாமை அப்பெரியாரின் பெருங்குறை. தாம் இல்லாத நாள் ஒன்று வரும் என்பதை ஆற்றலுடையோர் பலரும் மறந்துவிடுகின்றனர். குடும்பத் தலைவர்க்கும் சங்கச் செயலாளர்க்கும் இது பொருந்தும்.

எழுதி ஒப்படைக்கப்படாத பொறுப்பையும் தாமே முன்வந்து ஏற்றவர் ஒருவர் உண்டு. அவர் எலினார் அம்மையார். கணவர் இறந்த ஆண்டின் இறுதியில் ட்ரூமன் அவரை ஐக்கிய நாடுகள் சபைக்குப் பிரதிநிதியாக அனுப்பினார். மனித உரிமைக் குழுவின் தலைவராக அமர்ந்து, ருஷ்யப் பிரதிநிதிகளோடு நாள்கணக்கில் வாதாடி, 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் நிறைவேற வழி செய்தார். ஆண்கள் மட்டுமே என்று பொருள்படத் தக்க சொல்லை மாற்றி மாந்தர் யாவரும் என்று பொருள்பட எழுத வேண்டும் என அக்குழுவில் வற்புறுத்தியவர் நம் நாட்டின் ஹன்சா மேத்தா அம்மையார். அட்லாண்டிக் சாசனத்தில் எல்லா மக்களும் என்று எழுதிவிட்டு இந்தியரை விலக்கிய பிழைக்கு, ஏழாண்டுகளுக்குப் பின் ஓர் இந்தியப் பெண்மணியின் கையாலும் ரூஸ்வெல்ட்டின் மனைவியின் கையாலும் ஓரளவு திருத்தம் எழுதப்பட்டது என்று நாம் எண்ணி மகிழ்கிறோம்.

அந்தப் பழைய இரயில் பெட்டி மியாமி நகரத்து இரயில்வே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. நாம் அதைக் காணப்போவதில்லை. ஆயினும் யார்டில் சக்கரங்கள் உருளும் ஒலி கேட்கும் இரவுகளில், இரும்புச் சட்டம் பூட்டிய கால்களோடு கடல் கடந்து, மலை கடந்து, பேசிப் பார்ப்போம் என்று புறப்பட்ட அம்மனிதரை நினைத்துக் கொள்வோம்.